மேலூர் தாண்டி சார்ஜர் ஓடுதா? மதுரையில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

"மேலூர் தாண்டி இருக்கிற சார்ஜர் ஓடுதாண்ணே?"

மதுரைப் பக்கம் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழு எதுவானாலும் இந்தக் கேள்வி நாளுக்கு ஒரு தடவையாவது வந்து விழும். "ஓடுது" என்று யாராவது ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார்கள். கேட்டவர் அதை நம்பி பேட்டரியில் 15 சதவீதத்தோடு போய் நிற்பார். அங்கே இரண்டு கன்னில் (கேபிள் முனையில் இருக்கும், காரில் சொருகும் கைப்பிடி) ஒன்று செத்திருக்கும், மற்றதில் வேறு கார் நிற்கும். பதில் போட்டவர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னார். குழுவாகச் சேர்ந்திருப்பதன் பலன் எல்லாம் தகவலில் இருக்கிறது. ஒரு நல்ல தகவல் இப்படி இருக்கும்:

"காலை 7.40. கன் 2. நெக்ஸான் 45. 31 சதவீதத்தில் போட்டேன், 27 கிலோவாட் ஏறுது. கன் 1-ல விண்ட்சர் நிக்குது. ஆப்ல குறைஞ்சது 200 ரூபாய் இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும். வாட்ச்மேன் இருக்காரு, பாத்ரூம் திறந்திருக்கு."

நெக்ஸான், விண்ட்சர் கார்களின் பெயர். 45 என்பது யூனிட் கணக்கில் பேட்டரியின் அளவு, கிலோவாட் என்பது சார்ஜ் ஏறும் வேகம். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எத்தனை சதவீதத்தில் போட்டீர்கள் என்று சொல்லாமல் "22 கிலோவாட்தான் வருது" என்றால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 85 சதவீதத்தில் நிற்கும் காருக்கு எந்த வேகச் சார்ஜரிலும் வேகம் குறையத்தான் செய்யும், அதைக் காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பே குறைக்கிறது. பக்கத்துக் கன்னில் கார் நிற்கிறதா என்பதும் முக்கியம். 60 கிலோவாட் என்று பெயர்ப்பலகை இருக்கும் பல சார்ஜர்கள் இரண்டு கன்னிலும் கார் போட்டால் 30, 30 ஆகப் பிரித்துக்கொள்ளும். முதல் கார் கிளம்பியதும் இரண்டாவதற்கு முழு வேகம் தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சில இயந்திரங்களில் நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் 60 கிடைக்கும்.

ஆப்பில் பச்சையாகக் காட்டுகிறது, நேரில் போனால் திரை இருட்டாக இருக்கிறது என்று அடிக்கடி புகார் வரும். சார்ஜருக்குள் இருக்கும் சிம் கார்டு சிக்னல் இழந்தால், கடைசியாக இருந்த நிலையையே சில ஆப்கள் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு காரணம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. எந்தத் துணைமின் நிலையத்தில் என்றைக்கு மின்தடை என்று முதல் நாளே செய்தித்தாளில் வருகிறது. அந்தப் பட்டியலைக் காலையில் படம் எடுத்துப் போட ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் போதும், பாதி வீண் அலைச்சல் குறையும். ஊர்ப் பெயர் போதாது, அந்தத் துணைமின் நிலையத்தின் கீழ் வரும் சார்ஜர் எது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இதை ஒரு முறை உட்கார்ந்து அட்டவணையாகப் போட்டு வைத்துவிடலாம்.

திரை எரிகிறது, ஆனால் சார்ஜ் தொடங்கவில்லை என்றால் முதலில் சிவப்புக் குமிழைப் பாருங்கள். போகிற வருகிறவர் யாராவது அவசர நிறுத்தக் குமிழை அழுத்தியிருப்பார்கள். வலப்பக்கம் திருகினால் அது வெளியே வரும், ஒரு நிமிடத்தில் இயந்திரம் மீளும். அடுத்தது கன்னின் எடை. சிசிஎஸ் 2 (வேகச் சார்ஜுக்கான கன் வகை) கேபிள் கனமானது, தொங்கும்போது கன்னைக் கீழே இழுக்கும். மேலே இருக்கும் சிறிய தகவல் முனைகள் சரியாக உட்காராது. கன்னை இரு கையாலும் லேசாக மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆப்பில் தொடங்குங்கள். உள்ளே ரிலே என்கிற சுவிட்ச் விழும் "டக்" சத்தம் கேட்டு, திரையில் ஆம்பியர் ஏறிய பிறகு விடலாம். மழை நாளில் "இன்சுலேஷன் ஃபால்ட்" என்று வந்தால் கன்னுக்குள் ஈரம் இருக்கிறது என்று பொருள். வேறு கன்னுக்கு மாறுங்கள். வேறு இல்லை என்றால் கன்னைக் கவிழ்த்து உதறி, வாயை வெளிப்புறமாக உலர்ந்த துணியால் துடைத்துச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். முனைகளுக்குள் விரலோ குச்சியோ விடக் கூடாது. கன் காரிலிருந்து வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ஆப்பில் நிறுத்தி, சாவியில் பூட்டி இரண்டு முறை திறந்தால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் பல கார்களில் அவசரத்துக்கு இழுக்கும் கயிறு ஒன்று இருக்கிறது. உங்கள் காரில் அது எங்கே என்று இன்றைக்கே கையேட்டைப் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் இரவு 11 மணிக்குத் தேடுகிற விஷயம் அல்ல அது.

வரிசையில் ஆள் இருந்தால் 80 சதவீதத்தில் எடுத்துவிட வேண்டும். இது மரியாதைக்கும் மேலே, கணக்கு. 20-லிருந்து 80 வரை ஏற ஆகும் நேரத்தில் பல கார்களுக்கு மீதி 20 சதவீதம்தான் ஏறும். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர் தன் தேவை முழுவதையும் முடித்துக்கொண்டு போய்விடலாம். விதிவிலக்கு ஒன்று: அடுத்த சார்ஜருக்கு 80 சதவீதம் எட்டாது என்றால் அதை வரிசையில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். கார் அருகில் இருக்க முடியாதென்றால் கண்ணாடியில் ஒரு சீட்டு: தொலைபேசி எண், எத்தனை மணிக்கு முடியும், எத்தனை சதவீதத்தில் எடுப்பேன். சார்ஜ் முடிந்தும் காரை அங்கேயே விட்டுச் சாப்பிடப் போவதுதான் குழுவில் சண்டை வரக் காரணம், வேறெதுவும் இல்லை.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாளும் பிந்தைய இரண்டு நாளும் திருச்சி சாலையில் வரிசை நிற்கும். 2022-இல் பாரத் பெட்ரோலியம் சென்னை, திருச்சி, மதுரை வழியில் பெட்ரோல் பங்க்குகளில் விரைவு சார்ஜர்களைத் தொடங்கியதற்குப் பிறகு நிலையங்கள் நிறையவே கூடியிருக்கின்றன. கார்கள் அதைவிட வேகமாகக் கூடிவிட்டன. கார்த்திகை பிறந்தால் தேனி, கம்பம், குமுளி வழியில் சபரிமலை போகும் கார்கள் அதிகம். தைப்பூசத்துக்கு முன் பழனி வழியில் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் நடப்பதால் வேகம் குறையும். வேகம் குறைவது பேட்டரிக்கு நல்லது, நேரத்துக்குத்தான் கெட்டது. இந்த நாட்களில் சென்னை போகிறவர்கள் மதுரையிலேயே 100 சதவீதம் ஏற்றிக் கிளம்பி, மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி எதிலும் நிற்காமல், விராலிமலை தாண்டித் திருச்சிக்குள் போய்ப் போட்டால் நெடுஞ்சாலைக் கன்கள் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மிஞ்சும். மதுரையிலிருந்து திருச்சி 135 கிலோமீட்டர்தான்.

இனி வீட்டில் சார்ஜ் போடுவதும், அதற்கு வேண்டிய எர்த்தும் (கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் இணைப்பு). புதிதாகக் கார் வாங்கியவர்கள் குழுவில் கேட்கும் பத்துக் கேள்வியில் பாதி இதில்தான் போய் முடியும். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காரோடு வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது. தொடர்ந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். பெரிய கீசர் ஏறக்குறைய இதே அளவு இழுத்தாலும் நிமிடக் கணக்கில்தான் இழுக்கும். கார் இரவு முழுக்க எட்டு மணி நேரம் இழுக்கும். அதனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 15 ஆம்பியர் சாக்கெட்டில் போடக் கூடாது. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும்: 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் விழும் சுவிட்ச்), முடிவில் மெட்டல் கிளாட் (உலோகப் பெட்டிக்குள் இருக்கும்) சாக்கெட். நடுவில் ஒட்டு எங்கும் இருக்கக் கூடாது.

கம்பி தடிமன் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 20 மீட்டர் என்றால் போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதன் தடை ஏறக்குறைய 0.48 ஓம். 14 ஆம்பியர் ஓடும்போது 7 வோல்ட் அதிலேயே விழும், ஏறக்குறைய 95 வாட் சூடு சுவருக்குள் இருக்கும் பைப்பில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் விழுவது இரண்டரை வோல்ட்தான். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர். அதற்கு 6 சதுர மில்லிமீட்டர், 40 ஆம்பியர் எம்சிபி, த்ரீ பேஸ் இணைப்பு. அதையும் மூன்றில் ஒரு பேஸில்தான் போடுகிறோம், ஆகவே ஏசியும் தண்ணீர் மோட்டாரும் மற்ற இரண்டு பேஸில் இருக்கும்படி எலக்ட்ரீசியனிடம் சொல்லி மாற்றி வைக்க வேண்டும்.

சாக்கெட் உருகுவது கம்பியால் அல்ல, பிடிப்பு தளர்வதால். சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து எம்சிபியை நிறுத்திவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது திருகு சரியாக முடுக்கப்படவில்லை. முனை கறுத்திருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கறுத்த பிளக்கைப் புதுச் சாக்கெட்டில் சொருகினால் புதியதும் சில வாரத்தில் கெடும்.

எர்த்து சரியில்லை என்றால் பெரும்பாலான கார் சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அது பழுது அல்ல, பாதுகாப்பு. இங்கே சில எலக்ட்ரீசியன்கள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. விளக்கு உடனே பச்சையாகிவிடும், கார் ஏறும். இதைத் தயவுசெய்து ஒருநாளும் செய்ய விடாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், வீட்டிலுள்ள மற்றக் கருவிகள் வழியாகப் பேஸ் மின்சாரம் அந்த நியூட்ரலுக்குத் திரும்பி வரும், அங்கிருந்து இந்தத் துண்டுக் கம்பி வழியாகக் காரின் உடம்புக்கு ஏறும். 230 வோல்ட். டயர் ரப்பர் என்பதால் அது தரைக்கு இறங்காது. அடுத்த நாள் காலையில் ஈரக் காலோடு கதவைத் தொடுகிறவர் வழியாகத்தான் இறங்கும். ஆடி, ஐப்பசிக் காற்றில் கம்பி அறுவது நம் ஊரில் புதிதல்ல.

சரியான வழி எர்த் குழி. நம் வீடுகளில் மின்வாரியம் தருவது பேஸும் நியூட்ரலும்தான், எர்த்து நாம் போட்டுக்கொள்வது. வீடு கட்டும்போது போட்ட குழி பத்து வருடத்தில் செத்திருக்கும். கரியும் உப்பும் போட்ட குழியில் உப்பு கரைந்து போய்விடும், போகும்போது இரும்புக் குழாயையும் அரித்துவிடும். புதிதாகப் போடும்போது இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளச் செம்பு பூசிய கம்பியோ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோ, சுற்றிலும் பெண்டோனைட் என்கிற களிமண் கலந்த நிரப்புப் பொடி. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. ஒத்தக்கடை, நாகமலை, திருப்பரங்குன்றம் பக்கம் சில மனைகளில் ஐந்தாறு அடியிலேயே பாறை தட்டும். அங்கே ஆழமாகப் போக முயன்று காசைக் கரைக்க வேண்டாம். ஆழம் குறைந்த இரண்டு மூன்று குழிகளை மூன்று மீட்டர் இடைவெளியில் போட்டு, ஜிஐ பட்டையால் இணைத்தால் தடை இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர் குழிக்குப் போகும்படி ஒரு குழாய் விடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

அளவு: எர்த் டெஸ்டரில் (குழியின் தடையை அளக்கும் கருவி) 5 ஓமுக்குக் கீழே. எப்போது அளப்பது என்பது அதைவிட முக்கியம். கார்த்திகை மழையில் 3 ஓம் காட்டிய குழி சித்திரை, வைகாசியில் 12 காட்டலாம். வெயில் உச்சத்தில் அளந்ததுதான் உண்மையான அளவு. எர்த் டெஸ்டர் விலை தனி ஒருவருக்கு அதிகம். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஆள் கை மாற்றிக்கொள்ளலாம். குழுவின் காசு செலவாகும் பொருட்களில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

டெஸ்டர் கிடைக்கும் வரை மல்டிமீட்டரில் ஓரளவு பார்க்கலாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவோ ஓரிரு வோல்ட் வித்தியாசமோ இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள். இதைக் கார் சார்ஜ் ஆகாதபோது ஒரு முறை, ஆகும்போது அதே லைனில் ஒரு முறை என்று இரண்டு தடவை பாருங்கள். கார் இழுக்கும்போது 3-லிருந்து 9-க்குத் தாவினால் நியூட்ரலில் எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கிறது. மீட்டர் போர்டு, கட் அவுட் (ஃபியூஸ்), கம்பம் என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், கம்பம் லைன்மேன் வேலை. எப்போது பார்த்தாலும் அச்சாகச் சுழியம் காட்டினால் மகிழ வேண்டாம். யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்து வைத்திருக்கலாம்.

ஆர்சிசிபி இல்லாமல் எர்த்து மட்டும் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. போதாது. 5 ஓம் குழியும், டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் குழியின் தடையும் சேர்ந்தால், காரின் உடம்பில் கசிவு ஏற்படும்போது ஓடும் மின்சாரம் 20, 30 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, தாமதமாக விழும், விழாமலும் போகலாம். ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியரிலேயே விழுந்துவிடும். கார் சார்ஜருக்கு வாங்கும்போது ஏ வகை ஆர்சிசிபி என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'ஏசி' (மாறு மின்சாரம்) வகை, காரின் மின்னணுச் சுற்று விடும் நேர் மின்சாரம் (டிசி) கலந்த கசிவை அது சரியாக உணராது.

மின் கட்டணத்தைப் பற்றிக் குழப்பம் நிறைய. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு. தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆவதோடு, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் மாறுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டில், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றும் சார்ஜ் இழப்பு 12 சதவீதம் என்றும் வைத்தால், இரண்டு மாதத்துக்குக் காருக்கு மட்டும் 320 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 380 ஓடுகிறது என்றால் 700. கூடுதல் கட்டணத்தைக் கிலோமீட்டருக்கு வகுத்தால் ஒன்றரை ரூபாய்க்குள் வரும். நெடுஞ்சாலையில் வரியோடு யூனிட் 20 ரூபாய்க்கு அக்கம்பக்கம் போடும்போது 3 ரூபாய். மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் மதுரை வெயிலுக்கு நாளுக்கு 12 யூனிட் சராசரியாகக் கிடைக்கும், ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நெட் மீட்டர் (தகட்டிலிருந்து வாரியத்துக்குப் போகும் யூனிட்டை நம் கணக்கில் கழிக்கும் மீட்டர்) இருந்தால் பகலில்தான் கார் போட வேண்டும் என்றில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொது மீட்டரிலிருந்து எடுக்காமல், தங்கள் மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்கு லைன் இழுப்பது நல்லது. சங்கத்தில் கேட்கும்போது வரைபடம், கம்பி அளவு, ஆர்சிசிபி விவரம் எழுதிக் கொடுத்தால் மறுப்பது குறையும்.

கொடைக்கானல். எல்லோரும் கேட்பது: "ஏறிடுமா?" நான்கு பேர், பெட்டிகளோடு 1,750 கிலோ எடையுள்ள கார், 100 மீட்டர் உயரம் ஏற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம், ஆக ஒன்பதரை யூனிட். அது உயரத்துக்கு மட்டும். 55 கிலோமீட்டர் தூரத்துக்குத் தனியாக 5 யூனிட். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை 8, 9. மொத்தம் 23, 24 யூனிட். 40 யூனிட் பேட்டரிக் காருக்கு இது கவலையே இல்லை. 30 யூனிட் கார் மேலே போய்ச் சேரும்போது 20 சதவீதத்தில் நிற்கும். 24 யூனிட் கார்க்காரர்கள் அடிவாரத்துக்கு முன் ஒரு தடவை போட்டுக்கொள்வதுதான் நிம்மதி. மலைப்பாதையில் சதவீதம் இறங்கும் வேகத்தைப் பார்த்துப் பயந்து ஏசியை அணைத்துக் குழந்தைகளை வியர்க்க விட வேண்டாம், ஏசி எடுப்பது இதில் மிகச் சின்னப் பங்கு.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேலே தங்கும் விடுதியில் இரவு முழுக்கப் போட்டு 100 சதவீதத்தோடு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் பிரேக் (ரீஜென், இறங்கும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது) வேலை செய்யாது, போகிற மின்சாரத்துக்கு உள்ளே இடம் இல்லை. அத்தனை வளைவும் மிதி பிரேக்கில் இறங்கினால் டிஸ்க் காய்ந்து மணம் வரும். 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ரீஜென் உச்சத்தில் வைத்து இறங்கினால் வத்தலக்குண்டில் சதவீதம் கிளம்பியதைவிட 5 முதல் 8 வரை கூடியிருக்கும். ஏறியதெல்லாம் திரும்பி வராது, தூரத்துக்கான செலவு போக மிச்சம்தான் வரும்.

திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்கு மலை இல்லை, காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகின்றன என்றால் உங்கள் காருக்கும் அதே காற்றுதான். 80-இல் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால், காருக்கு அது 100-இல் போவதற்குச் சமமான காற்றுத் தடை, அதாவது ஒன்றரை மடங்குக்கு மேல். நுகர்வு கால் பங்குக்குக் குறையாமல் கூடும். திரும்பும்போது பின்காற்றில் கொஞ்சம் கிடைக்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஊர், வேகம், யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மூன்றையும் சேர்த்துக் குழுவில் போட்டால், பின்னால் கிளம்புகிறவர் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய உதவும்.

கத்திரி வெயிலில் மதுரை 40 பாகையைத் தாண்டும். வெளியூரிலிருந்து 150 கிலோமீட்டர் ஓடி வந்த காரை உடனே வேகச் சார்ஜில் போட்டால் பேட்டரி சூட்டைப் பார்த்து அமைப்பு வேகத்தைக் குறைக்கும், சார்ஜர் பழுது என்று சிலர் எழுதிவிடுவார்கள். பத்து நிமிடம் நிழலில் நிறுத்திவிட்டுப் போட்டால் வித்தியாசம் தெரியும். பேட்டரியில் எல்எஃப்பி, என்எம்சி என்று இரண்டு வகை உண்டு, உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். எல்எஃப்பி பேட்டரிக் கார்களை வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றுங்கள். அந்த வகையில் 20 சதவீதத்துக்கும் 80-க்கும் செல் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான், நிறைந்தால்தான் அமைப்புக்கு உண்மையான கணக்கு தெரியும். அப்படிச் செய்யாத கார்கள்தான் 14 சதவீதத்திலிருந்து திடீரென்று 5-க்கு விழும். என்எம்சி பேட்டரி என்றால் நேர்மாறு, அன்றாடம் 80 போதும்.

பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் குழுவில் உதவி கேட்கிறார்கள். ஓபிடி கருவியில் (காரில் சொருகி உள்ளே இருக்கும் தகவலைப் படிக்கும் கருவி) செல்களுக்கிடையே உள்ள வோல்ட்டேஜ் வித்தியாசத்தைப் பார்ப்பது ஒன்று. அதைவிட நம்பகமானது வீட்டு மீட்டர்: 20-லிருந்து 100 வரை ஏற்றி மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள். 30 யூனிட் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 24 யூனிட்டும், அதோடு இழப்பும் சேர்ந்து 26, 27 ஓடும். 21 ஓடியது என்றால் விலையைப் பேசுங்கள், அல்லது வேறு காரைப் பாருங்கள்.

கடைசியாக, கார் நடுவழியில் நிற்கும் சம்பவங்களில் பெரிய பேட்டரி காரணமாக இருப்பது குறைவு. முன்பக்கம் இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். அது இறங்கினால் பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டர் (பெரிய சுவிட்ச்) மூடாது, 70 சதவீதம் இருந்தாலும் கார் கல்தான். மூன்று வாரம் ஓட்டாமல் விடுவது, எப்போதும் ஓடும் டேஷ்கேம், கதவைத் திறந்து வைத்துப் பாட்டுக் கேட்பது எல்லாம் அதைத் தின்னும். மல்டிமீட்டரில் 12.6 என்றால் நிறைவு, 12-க்குக் கீழே என்றால் ஏற்ற வேண்டும். திரையில் ரெடி வந்த பிறகு 13.5-க்கு மேல் காட்டினால் உள்ளிருந்து சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். இறங்கிவிட்டால் பெட்ரோல் காரிலிருந்தோ ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்தோ சிவப்பை நேர்முனைக்கும் கறுப்பைக் காரின் உடம்பில் உள்ள போல்ட்டுக்கும் கொடுத்து, ரெடி வந்ததும் எடுத்துவிட்டு அரை மணி நேரம் காரை அப்படியே ஓட விடுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பி (உயர் வோல்ட்டேஜ்) எதையும் தொடக் கூடாது. நம் வெயிலில் இந்தச் சின்ன பேட்டரிக்கு மூன்று, நான்கு வருடம்தான் ஆயுள், செத்த பிறகு மாற்றுவதைவிட முன்பே மாற்றுவது மலிவு.

இழுத்துப் போக வேண்டி வந்தால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டி மட்டும். சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாகும், மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் கெட்டுப்போகலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கு முதலில் அழையுங்கள். பிறகு குழுவில் போடுங்கள், இப்படி:

"திருச்சி போற பக்கம், கொட்டாம்பட்டி தாண்டி, கிலோமீட்டர் கல் எண் போட்டோல இருக்கு. டியாகோ 24. பெரிய பேட்டரி 46 சதவீதம். சின்ன பேட்டரி 10.9 காட்டுது. ரெடி வரல. ஜம்ப் கேபிள் இல்ல. கூட ரெண்டு பேர், ஒரு பாட்டி."